தாம்பரத்தில் வீடு பார்ப்பவர்களுக்கு: தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள்

முடிச்சூர்க்காரர்:
முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வாடகை கம்மியாச் சொன்னால் முதலில் காம்பவுண்ட் சுவரைப் பாருங்கள். புது பெயின்ட் அடித்திருந்தாலும், அடியில் உப்புப் பூத்து உரிந்திருந்தால் தண்ணீர் நின்ற அடையாளமாக இருக்கலாம். ஈபி மீட்டரை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி மாட்டியிருந்தால் காரணம் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். இங்கே ஆபத்து மழை கொட்டும்போது மட்டுமில்லை. ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி, கலங்கல் (உபரி நீர் வழியும் மதகு) தாண்டிய பிறகு, வானம் வெளுத்தப்புறமும் அடையாற்றில் தண்ணீர் ஏறும். "மழைதான் விட்டாச்சே" என்று பைக்கைக் கீழேயே விட்டவர்கள்தான் மாட்டினார்கள். நவம்பரில் வந்து பார்த்து அட்வான்ஸ் கொடுங்கள்.

சேலையூர்வாசி:
மேற்குத் தாம்பரம் மட்டும் மோசம் என்று நினைக்க வேண்டாம் சார். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் நன்மங்கலம் பக்கம் போய்ப் பள்ளிக்கரணையில் விழணும். கால்வாய் அடைத்தால் நடுவில் இருக்கும் தெருக்கள்தான் வாங்கும். இன்னொன்று, பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டு, வீடு பள்ளத்துக்குப் போயிருக்கும். வாசலில் படி இறங்கி உள்ளே போகிற மாதிரி இருந்தால் அந்த வீடு வேண்டாம்.

வீட்டை வேலை இடத்தை வைத்து முடிவு பண்ணுங்கள். சோழிங்கநல்லூர் என்றால் கிழக்குத் தாம்பரம், மேடவாக்கம் வழி. ஆனால் கேம்ப் ரோடு சந்திப்பு காலையில் நகராது. சிறுசேரிக்கு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை தேவலை, அதனால் பெருங்களத்தூர் பக்கம் பாருங்கள். ஒரகடம் போகிறவர்களுக்கு முடிச்சூர் சாலைதான் வசதி, மேலே அவர் சொன்ன எச்சரிக்கையோடு.

தினசரி ரயில்:
செங்கல்பட்டிலிருந்து வரும் லோக்கல் தாம்பரம் வரும்போதே நிரம்பி வழியும். தாம்பரத்திலேயே கிளம்பும் சென்னை பீச் ஸ்டேஷன் வண்டிக்குப் போர்டைப் பார்த்து நில்லுங்கள், உட்கார இடம் கிடைக்கும். மூன்று மாத சீசன் டிக்கெட் விலை, மாத சீசனைப் போல 2.7 மடங்குதான். அண்ணா சாலை போகணும் என்றால் கிண்டியில் மெட்ரோ மாறலாம். திரிசூலத்தில் இறங்கி விமான நிலைய மெட்ரோவுக்கு நடந்தால், வண்டி அங்கிருந்தே கிளம்புவதால் சீட் நிச்சயம்.

சிட்லபாக்கம் அக்கா:
தண்ணீரை மறந்துட்டீங்களே! போர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) பாருங்கள். 500 வரை குடிக்க ஏற்ற அளவு. அதை ரொம்பத் தாண்டினால் குடிக்க ஆர்.ஓ. வடிகட்டி தேவைப்படலாம், கீசர் காயில் உப்புப் படிந்து சீக்கிரம் போகும். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் செப்டிக் டேங்க் லாரிக்கு யார் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்து டேங்க் சீக்கிரம் நிரம்பும், அப்போதுதான் சண்டை வரும். கரண்டுக்குத் தனி சர்வீஸா என்று கேளுங்கள்: இரண்டு போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால் அந்த 100 யூனிட் இலவசம் ஒருமுறைதான், கட்டண ஸ்லாபும் ஏறும்.

ஊர் சுற்ற: வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. பல்லாவரம் சந்தை வெள்ளிக்கிழமை. செடி, பழைய மிக்சி ஜார், ஸ்பேனர் எல்லாம் கிடைக்கும். பேரம் பேசாமல் வாங்காதீங்க. மின்சாரச் சாமான் எடுத்தால் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்க.