நெருப்பின் சூட்டிலேயே தானாகத் துழாவும் கஞ்சிக் கிடாரம்: செய்ய முடியுமா?

கேள்வி: கிடாரத்தடி (பிடோக்)

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம்.

ரமலான் மாதத்தில் எங்கள் வட்டாரப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் குழுவில் நானும் ஒருவன். நம் முறைக் கஞ்சிதான்: குருணை அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கைமா, ரம்பை இலை, கடைசியில் தேங்காய்ப்பால். முற்பகலில் அடுப்பு மூட்டினால், அசர் தொழுகை முடிந்து மக்கள் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்கும்போது கஞ்சி இறங்கியிருக்க வேண்டும். அரிசி மலரத் தொடங்கியது முதல் துடுப்பு நிற்கக் கூடாது. நின்றால் அடி பிடிக்கும். தீய்ந்த வாடை ஏறிவிட்டால் கிடாரம் முழுவதும் வீண்.

துழாவுகிறவர்களும் நோன்பாளிகள். நண்பகல் வெயில், முகத்துக்கு நேரே ஆவி, கீழே எரிவாயு அடுப்பு. ஒரு மிடறு தண்ணீர் குடிக்க முடியாது. இளையவர்கள் வேலைக்குப் போய்விடுவதால் பகலில் துடுப்புப் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். யாரும் குறை சொல்வதில்லை, நன்மை தேடித்தான் வருகிறார்கள். ஆனால் அவர்களுடைய தோள்பட்டை படும் பாட்டைப் பக்கத்தில் நின்று பார்க்கிற எனக்குப் பொறுக்கவில்லை.

மோட்டார் வைத்த கொப்பரைகள் விற்கின்றன என்று தெரியும். அவை தொழிற்சாலைகளுக்கானவை, விலையும் அதிகம், ஓரிடத்தில் பொருத்தியும் வைக்க வேண்டும். நாங்கள் சமைப்பது தற்காலிகக் கூடாரத்தில். தரை எப்போதும் ஈரம். அங்கே மின்கம்பி இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுப்பில் அத்தனை நெருப்பு எரிகிறது. அதில் ஒரு சிறு பங்கையாவது துழாவும் வேலைக்குத் திருப்ப முடியாதா? பாத்திரத்தின் வடிவத்தாலேயே நடந்தால் மிகவும் நல்லது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கொதிகலன் (ஜூரோங்)

நல்ல கேள்வி. நான் கொதிகலன், வெப்பமாற்றி வேலையில் பல காலம் இருந்தவன், அதனால் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு மனிதர் விடாமல் செய்யும் உடலுழைப்பு ஏறத்தாழ 75 வாட். உங்கள் பெரிய அடுப்பு 10 கிலோவாட்டுக்குக் குறையாது. அதில் நூற்றில் ஒரு பங்கு 100 வாட். ஒரு ஆளின் உழைப்பை விட அதிகம். ஆகவே ஆற்றலுக்குப் பஞ்சமே இல்லை. அதை அசைவாக மாற்றுவதில்தான் சிக்கல்.

வடிவத்தால் சுழலும் பாத்திரம் ஏற்கெனவே இருக்கிறது. ஜப்பானில் ஹிடேகி வதனபே என்ற பல் மருத்துவர் வடிவமைத்தது. உட்சுவரில் சாய்வாக முறுக்கிய வரிகள் இருக்கும். சூடேறிய நீரும் குமிழிகளும் சுவரையொட்டி எழும்போது அந்த வரிகள் அவற்றைப் பக்கவாட்டில் தள்ள, பாத்திரத்துக்குள் இருப்பது மொத்தமாகச் சுழலும். நூடல்ஸ், காய்கறி வேகவைக்க அழகான ஏற்பாடு.

கஞ்சிக்கு அது உதவாது. கீழே சூடேறிய திரவம் தானாக மேலெழுந்து சுழல்வதை 1900இல் பெனார் சோதனையில் காட்டினார். எப்போது சுழலும், எப்போது சுழலாது என்பதற்கான கணக்கை 1916இல் ரேலி தந்தார். திரவம் கெட்டியாகக் கெட்டியாக அந்தச் சுழற்சி செத்துப்போகும் என்பதே அதன் சாரம். அரிசி மாவுச்சத்து 70 டிகிரியை ஒட்டிக் குழையத் தொடங்கி, சிறிது நேரத்தில் தண்ணீரைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் கெட்டியாகிவிடும். உங்களுக்குத் துடுப்பு தேவைப்படும் அதே நேரத்தில்தான் வடிவம் கைவிடும்.

பதில்: திரட்டுப்பால் (சிராங்கூன் சாலை)

ஐயா சொல்வது சரிதான், ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். கஞ்சி சுழல்கிறதா என்பது முக்கியமே இல்லை. அடியில் ஒட்டுகிறதா என்பதுதான் முக்கியம். மேலே எவ்வளவு சுற்றினாலும் அடியைச் சுரண்டாத கரண்டியால் பயன் கிடையாது.

திரட்டுப்பால் காய்ச்சும்போது பாத்திரத்தின் அடியில் ஒரு சிறிய தட்டைக் கவிழ்த்துப் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தட்டுக்குக் கீழே ஆவி சேரும், தட்டைத் தூக்கும், ஓரமாக வெளியேறும், தட்டு திரும்ப விழும். கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அடியில் பால் படிய விடாது. அம்மா கோலிக்குண்டு போடுவார். அதுவும் இதே வேலைதான். தன் சூட்டில் தானே துழாவிக்கொள்வது என்றால் இதுதானே?

தம்பி, உங்கள் கிடாரத்துக்கு ஏற்ற அளவில், விளிம்பில் வெட்டு வைத்த கனமான எவர்சில்வர் தட்டு ஒன்றைச் செய்து பாருங்கள். குருணையை லேசாக வறுத்துவிட்டுப் போட்டால் அவ்வளவு சீக்கிரம் கூழாகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பதில்: கிடாரத்தடி (பிடோக்)

அக்கா, மிக்க நன்றி. இதைக் கிடாரத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. கஞ்சி கெட்டியான பிறகும் தட்டு அடித்துக்கொண்டே இருக்குமா? பருப்பும் கைமாவும் தட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளுமே என்றும் யோசிக்கிறேன்.

பதில்: கொதிகலன் (ஜூரோங்)

அக்கா சொன்னது மிகச் சரியான பொறியியல். அடிதான் முக்கியம் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன்.

அதற்கும் எல்லை உண்டு. கெட்டிக் கஞ்சியில் ஆவி வெளியேற வழி கிடைக்காமல் தட்டுக்குக் கீழேயே தங்கும். ஆவி வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது; அந்த இடத்தில் உலோகம் அளவுக்கு மீறிச் சூடேறி, காக்க வந்த தட்டே தீய வைத்துவிடும். எனவே முதல் பாதிக்குத் தட்டு, அரிசி மலர்ந்ததும் இடுக்கியால் தூக்கி எடுத்துவிட வேண்டும்.

தட்டின் நடுவில் நிமிர்ந்த குழாய் ஒன்றைப் பற்றவைத்தால் இன்னும் நல்லது. குமிழிகள் குழாய்க்குள் ஏறும்போது திரவத்தையும் சேர்த்துத் தூக்கி மேலே கொட்டும். பழைய பெர்கொலேட்டர் காப்பிப் பாத்திரம் வேலை செய்வது இப்படித்தான். 1922இல் சுவீடனின் ஃபான் பிளாட்டனும் முன்டர்ஸும் உருவாக்கிய, மோட்டாரே இல்லாத குளிர்பெட்டியிலும் திரவத்தை ஏற்றுவது இந்தக் குமிழிக் குழாய்தான்.

இரண்டாம் பாதிக்கு உண்மையான துடுப்பு வேண்டும், அதைச் சுற்ற விசை வேண்டும். 100 டிகிரிக் கஞ்சிக்கும் நம் 30 டிகிரிக் காற்றுக்கும் நடுவே ஓடும் எந்த எந்திரமும் வெப்பத்தில் 19 விழுக்காட்டுக்கு மேல் இயக்கமாக்க முடியாது. கார்னோ 1824இல் காட்டிய வரம்பு அது. கையில் கிடைக்கும் கருவிகள் இதற்கு வெகு கீழே நிற்கும். இருந்தாலும் நமக்குத் தேவையானது அதைவிடவும் குறைவு.

என் யோசனை வெப்பமின் தகடுகள். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி இருந்தால் நேரடியாக மின்சாரம் தரும். சீபெக் 1821இல் கண்ட விளைவு. விறகடுப்பின் மேல் வைக்கும் கம்பியில்லா விசிறிகள் ஓடுவது இதனால்தான். மூன்று விழுக்காடு தேறினால் போதும்: 1,300 வாட் வெப்பம் தகடுகள் வழியாகப் போனால் சுமார் 40 வாட் மின்சாரம். நிமிடத்துக்கு 20 சுற்று சுற்றும் துடுப்பை அது தள்ளிவிடும். கார் வைப்பர் மோட்டார் போன்ற மெதுவான, வலுவான மோட்டார் பொருத்தம். மின்னழுத்தம் 12 வோல்ட்தான், ஈரத் தரையில் அஞ்ச வேண்டியதில்லை. சாதாரணத் தகடுகள் 250 டிகிரிக்கு மேல் தாங்காது. நெருப்பில் நேராகக் காட்டாமல் தடித்த அலுமினியக் கட்டையில் பொருத்துங்கள்.

குளிர்ப்பக்கத்துக்குத் தண்ணீர்த் தொட்டி தேவை. 20 லிட்டர் அரை மணி நேரத்தில் 30 டிகிரி சூடேறிவிடும். அப்போது அதை மாற்றியாக வேண்டும்.

பதில்: மனு எழுதுபவர் (தோ பாயோ)

காப்புரிமை எண்ணம் இருந்தால் ஒரு சொல். சிங்கப்பூரில் கண்டுபிடிப்பாளரே வெளியிட்ட தகவலுக்கு, மனுச் செய்வதற்கு முந்தைய 12 மாதம் வரை சலுகை உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது; பொதுவெளியில் எழுதிவிட்டால் புதுமை போய்விடும். இந்த இழையும் பொதுவெளிதான்.

பதில்: கிடாரத்தடி (பிடோக்)

காப்புரிமை வேண்டாம் ஐயா. எந்தப் பள்ளிவாசலும், எந்தக் கோயில் அன்னதானக் கூடமும் இதைப் பார்த்துச் செய்துகொள்ளட்டும். எல்லாருக்கும் தெரியும்படி இங்கே எழுதியதே அதற்காகத்தான்.

கொதிகலன் ஐயா, தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டும் என்றீர்களே, அது எங்களுக்குச் சுமையே இல்லை. கஞ்சி இறுக இறுக நாங்கள் வெந்நீர் ஊற்றிக்கொண்டேதான் இருப்போம். அதற்கென்று இப்போது தனி அடுப்பு எரிகிறது. குடிநீர்த் தரமான எவர்சில்வர் தொட்டியாக வைத்துவிட்டால் சூடான தண்ணீர் நேரே கிடாரத்துக்குப் போகும். ஓர் அடுப்பே மிச்சம்.

துடுப்பின் நுனி அடியையும், அடி வளைந்து சுவராகும் மூலையையும் உரச வேண்டும். எங்கள் கிடாரங்களில் முதலில் தீய்வது அந்த மூலைதான். மரத்தில் செதுக்கினால் அலுமினியத்தைச் சுரண்டாது. துடுப்பைத் தாங்கும் சட்டம், கைப்பிடி வளையங்களில் மாட்டிக் கழற்றும்படி இருக்கட்டும். கரண்டி போட்டுக் கஞ்சி அள்ளும்போது குறுக்கே நிற்கக் கூடாது.

முதலில் அக்காவின் தட்டையும் குழாயையும் வீட்டிலுள்ள பிரியாணிச் சட்டியில் பார்க்கிறேன். மின்தகடுகளை சிம் லிம் டவரில் விசாரிக்கிறேன். எவர்சில்வர் பற்றவைக்கத் தெரிந்தவர் யாராவது கிழக்குப் பக்கம் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்; பொருளும் கூலியும் நான் தருகிறேன்.