பெட்ரோல் சொட்டுகிறது: எங்கே என்பதற்கு முன் எப்போது என்று பாருங்கள்

திருச்சி, பழைய ஸ்ப்ளெண்டர்:

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பைக்குகளில் பெட்ரோல் கசிவோடு மல்லுக்கட்டியவர்கள் அவரவர் பட்டதை இங்கே எழுதுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் புது வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன. இளம் மெக்கானிக்குகள் பலர் கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கப்பைக்கூடத் திறக்காமல் "கார்புரேட்டரையே மாத்திடலாம் சார்" என்கிறார்கள். ஒரு ரப்பர் வாஷரில் முடிய வேண்டிய வேலைக்கு முழு கார்புரேட்டர் விலை கொடுக்க வேண்டியதாகிறது.

முதலில் என் பங்கு. எங்கே கசிகிறது என்று தேடுவதற்கு முன் எப்போது கசிகிறது என்று பார்ப்பதுதான் என் வழக்கம். பெட்ரோல் ஊறும் இடம் ஒன்றாக இருக்கும், சொட்டும் இடம் வேறாக இருக்கும். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பில் ஊறியது டியூபின் வெளிப்புறமாக வழிந்து கார்புரேட்டர் கப்பின் அடியில் வந்து சொட்டும். பார்க்கிறவர் கப்பைத்தான் சந்தேகப்படுவார்.

காலையில் போர்ட்டிகோ முழுக்க பெட்ரோல் வாடை. அன்று இரவு எல்லாவற்றையும் துணியால் துடைத்து, டேப்பை மூடி, அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். விடிந்து பார்த்தால் தாள் காய்ந்தே இருந்தது. ஆக டேங்க், டேப்பு இரண்டின் மேலும் குற்றமில்லை. டேப்பைத் திறந்தேன். சற்று நேரத்தில், கப்பில் மிஞ்சும் பெட்ரோல் வெளியேறும் ஓவர்ஃப்ளோ குழாய் முனையில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. இன்ஜின் ஓடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கப் நிறைந்ததும் உள்ளிருக்கும் மிதவை மேலே தள்ளி, டேங்கிலிருந்து வரும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய நீடில் நிறுத்தவில்லை என்றுதான் பெரும்பாலும் இதற்கு அர்த்தம்.

கப்பைக் கழற்றியதும் அடியில் மெல்லிய பழுப்பு மண்டி. டேங்கின் உள் துரு அது. நீடிலின் முனையில் கறுப்பாக ஒரு ரப்பர் கூம்பு இருக்கும். அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் சுற்றிலும் ஒரு வளையக் கோடு விழுந்திருந்தது. நகத்தை ஓட்டினால் தடுக்கியது. அந்தப் பள்ளத்துக்குமேல் சந்தேகம் தேவையில்லை, நீடிலை மாற்ற வேண்டியதுதான். நீடில் உட்காரும் பித்தளை வாயையும் துடைக்க வேண்டும், துரு அங்கேயும் ஒட்டியிருக்கும். டேங்கைக் கழுவி டியூப் நடுவில் ஒரு ஃபில்டரும் போடாவிட்டால் புது நீடிலுக்கும் அதே கதிதான்.

கடைசியில் வந்த தொல்லை கப்பின் ரப்பர் ரிங். பெட்ரோலில் ஊறிப் பெருத்துப்போய், கழற்றிய பள்ளத்தில் திரும்ப உட்கார மறுத்தது. இழுத்து அடைக்காதீர்கள், நசுங்கி வேறொரு கசிவு ஆரம்பிக்கும். ஒரு ராத்திரி காற்றாட வைத்தால் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும்.

சேலம், சிடி 100:

அண்ணன் சொன்ன அதே அறிகுறிதான் என் வண்டிக்கும். நீடில் மாற்றினோம், நிற்கவில்லை. கம்பெனி நீடிலாக வாங்கி மறுபடி மாற்றினோம், அப்போதும் நிற்கவில்லை. கப்பின் நடுவே செங்குத்தாக நிற்கும் பித்தளைக் குழாயை யாருமே பார்க்கவில்லை. பெட்ரோல் அளவுக்குமேல் ஏறினால் இந்தக் குழாயின் வாய் வழியாகத்தான் வெளியே போகும். அந்தக் குழாயில் நெடுக ஒரு மயிரிழை விரிசல் இருந்தால், மட்டம் சரியாக இருந்தாலும் பெட்ரோல் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கப்பைத் தனியாகக் கழற்றி, டிரெயின் ஸ்க்ரூவை (கப்பிலிருந்து பெட்ரோலை வடிக்கத் திறக்கும் ஸ்க்ரூ) இறுக்கி, குழாயின் வாய்க்குக் கொஞ்சம் கீழேவரை பெட்ரோல் ஊற்றி, காகிதத்தின் மேல் நிற்க வையுங்கள். காகிதம் நனைந்தால் விரிசல் இருக்கலாம், இல்லை டிரெயின் ஸ்க்ரூ கசியலாம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். நீடிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய இரும்புக் கடை கார்புரேட்டர் ஒன்றின் கப்பைப் போட்டதும் வேலை முடிந்தது.

இதற்கு முன்னால் ஒரு பட்டறையில் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஓவர்ஃப்ளோ டியூபில் ஒரு ஸ்க்ரூவைச் செருகி அடைத்து, "இனிமே சொட்டாது" என்று அனுப்பினார்கள். உண்மைதான், வெளியே சொட்டவில்லை. வெளியே போக வழியில்லாத பெட்ரோல் இன்ஜினுக்குள் போனது. ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்தால் மட்டம் ஏறியிருக்கிறது, ஆயில் தண்ணியாக இருக்கிறது, முகர்ந்தால் பெட்ரோல். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆயிலை வடித்து மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்தேன். ஓவர்ஃப்ளோவை மட்டும் எவர் சொன்னாலும் அடைக்க விடாதீர்கள்.

யாழ்ப்பாணம், எம்டி 90:

எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று. 2022 யூலையில் பெற்றோலைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு (வாரத்துக்கு) நான்கு லீற்றர்தான் தந்தார்கள். அதில் சொட்டுச் சொட்டாகப் போவதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். ஓவர்ஃப்ளோ குழாயின் அடியில் ஒரு ஜாம் போத்தல் வைத்துப் பிடித்தேன். சைட் ஸ்டாண்டில் விட்டால் போத்தலில் சேரும், சென்டர் ஸ்டாண்டில் விட்டால் வெறும் போத்தல். சாய்ந்தால் மட்டும் கசிகிறது என்றால் உள்ளே மட்டம் விளிம்புவரை ஏறி நிற்கிறது என்று விளங்கியது.

நீடில் நல்லாத்தான் இருந்தது. மிதவையைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே "சளக்" என்றது. ஓட்டை விழுந்து பெற்றோல் புகுந்திருக்கிறது. பாரம் கூடின மிதவை நேரத்துக்கு மேலெழாது, நீடிலை மூடாது. சந்தேகமாக இருந்தால் சுடுதண்ணிக்குள் அமிழ்த்திப் பாருங்கோ, ஓட்டையுள்ள இடத்தில் குமிழி வரும். புது மிதவை போட்ட பிறகு போத்தலுக்கு வேலையில்லை.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் இவை. மண்ணெண்ணெய் கசிந்தால் எண்ணெய்ப்பசை அப்படியே தங்கும், கசிவைத் தேட வேண்டியதில்லை. பெற்றோல் காய்ந்து மறைந்துவிடும், அதுதான் தேடுவது கரைச்சல்.

திருச்சி, பழைய ஸ்ப்ளெண்டர்:

போத்தல் யோசனை நன்றாக இருக்கிறது அண்ணே. கப்பைத் திறக்காமலே மட்டம் பார்க்க ஒரு வழி: கப்பின் டிரெயின் முனையில் கண்ணாடி போன்ற டியூப் மாட்டி, மறுமுனையை கார்புரேட்டரை ஒட்டி மேலே தூக்கிப் பிடித்து, டிரெயின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறங்கள். உள்ளே பெட்ரோல் எந்த உயரத்தில் நிற்கிறதோ டியூபிலும் அதே உயரத்தில் நிற்கும். கப்பும் கார்புரேட்டரும் சேரும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் மில்லிமீட்டரில் இருக்கும். வண்டி நேராக நிற்க வேண்டும், இல்லையென்றால் பார்த்ததே வீண்.

மதுரை, ஆர்எக்ஸ் 100:

என் ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் கதை கொஞ்சம் வேறு. நீடில் பிடிக்காமல் இரவெல்லாம் டேப்பு திறந்திருந்தால் பெட்ரோல் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் இறங்கித் தேங்கும். காலையில் கிக்கர் வழக்கத்தைவிடக் கனமாக மிதிபட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். சாவியை அணைத்து, டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, பிளக் வயரை ஓட்டையிலிருந்து தள்ளி வைத்துவிட்டு மெதுவாக உதையுங்கள். உள்ளே இருப்பது பீய்ச்சிக்கொண்டு வரும். பக்கத்தில் பீடி, சிகரெட் ஆட்களை விரட்டிவிட்டுச் செய்யவும்.

அப்புறம் டேப்பு. கைப்பிடியைச் சுற்றி ஈரம் கசிந்தால், உள்ளே நான்கு ஓட்டை போட்ட ஒரு வட்ட ரப்பர் இருக்கும், அது இறுகிப்போயிருக்கும். ரப்பரை மாற்றினாலே போதும், முழு டேப்பு வாங்க வேண்டாம். ஆனால் டேங்கில் பெட்ரோல் இருக்கும்போது அதைத் திறந்து, விரலால் அடைத்துக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோவை, புல்லட் 350:

டேங்கின் அடிமடிப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை, ஊருக்கு வெளியே ரோட்டோரம். டீக்கடையில் துணி துவைக்கும் பார் சோப்பு வாங்கி, காய்ந்த சோப்பை அப்படியே ஓட்டையில் அழுத்தித் தேய்த்தேன். பெட்ரோலில் சோப்பு எளிதில் கரையாது, வீடு வரும்வரை தாங்கியது. மழை வந்திருந்தால் அவ்வளவுதான், தண்ணீரில் கரைந்துவிடும். பிறகு டேங்கைக் காலி செய்து, பெயின்டைச் சுரண்டி, வெறும் தகரத்தின் மேல் எம்-சீல் வைத்தேன். பெயின்டின் மேல் வைத்தால் பெயின்டோடு உரிந்து வந்துவிடும். வெல்டிங் என்று யாராவது சொன்னால் யோசிக்கவும்: பெட்ரோலைக் காலி செய்த டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும், அதுதான் வெடிக்கும். நன்றாகக் கழுவி, ஆவி போக்கத் தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று. வண்டியை வீட்டுக்குள் நிறுத்துகிறவர்கள் கவனியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். வாடை வந்தால் முதலில் அணைக்க வேண்டியது சாமி விளக்கும் அடுப்பும்தான். அந்த நேரத்தில் ஸ்விட்ச்சைக்கூடத் தொடாதீர்கள், கதவைத் திறந்து வண்டியை வெளியே தள்ளுங்கள்.

விழுப்புரம், பழைய பல்சர்:

அண்ணே, எனக்கு ரெண்டு சந்தேகம். ஃபுல் டேங்க் போட்டு வெயிலில் நிறுத்தினால் மட்டும் மூடியோரம் ஈரமாகிறது. ஓடும்போது மட்டும் காலில் பெட்ரோல் தெறிக்கிறது, நிறுத்திப் பார்த்தால் எதுவும் இல்லை.

திருச்சி, பழைய ஸ்ப்ளெண்டர்:

தம்பி, முதலாவது வண்டிக் கோளாறே இல்லை. பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குபோல விரியும். பத்து லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 150 மில்லி கூடும், அது எங்கே போகும்? கழுத்துவரை நிரப்பாதே.

இரண்டாவதற்கு டியூபைப் பார். கடையில் கலர் கலராக விற்கும் பிளாஸ்டிக் டியூப் பெட்ரோலிலும் இன்ஜின் சூட்டிலும் சீக்கிரம் விறைத்துவிடும். விறைத்த டியூப் நிற்கும்போது பிடித்துக்கொள்ளும், அதிர்வு வந்தால் கிளிப் அடியில் வழிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் பழைய ரப்பரை நம்பவே முடியவில்லை. டியூபின் முனையை விரலால் மடக்கிப் பார், வெடிப்பு தெரிந்தால் அதேதான். முனையை மட்டும் வெட்டி மாட்டினால் கொஞ்ச நாள் ஓடும். கறுப்பு ஃப்யூயல் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, ஸ்பிரிங் கிளிப் இரண்டும் புதிதாகப் போட்டுவிடு. அப்படியும் தெறித்தால் டேப்பு பக்கத்தை போட்டோ எடுத்துப் போடு, பார்க்கலாம்.