அம்மாவின்ர அந்தூரியம் திரும்பப் பூத்தது

எங்கட வீடு திருகோணமலை உப்புவெளியில, கடலுக்கு நடந்தா 5 நிமிசம். அம்மா கண்டியில ஒரு கலியாணவீட்டுக்குப் போட்டு வரேக்க ஒரு சிவப்பு அந்தூரியப் பூக்கண்டை பஸ்ஸில மடியில வச்சுக்கொண்டே வந்தவ. தங்கச்சியின்ர பிள்ளைப்பேறுக்கு வெளிநாடு போகேக்க "அதை மட்டும் பாத்துக்கொள் பிள்ளை" எண்டிட்டுத்தான் போனவ. வைகாசியில கச்சான் காத்து (தென்மேற்கால வாற காஞ்ச காத்து) தொடங்க இலை நுனியெல்லாம் கபில நிறமாக் கருகத் தொடங்கிட்டுது. நான் தண்ணி காணாது எண்டு நினைச்சு காலமை ஒருக்கா பின்னேரம் ஒருக்கா கிணத்துத் தண்ணி ஊத்தினன், மாட்டெருவும் போட்டன், ஆடி முடியேக்க 9 இலையில 2 தான் மிச்சம்.

பக்கத்து வீட்டு மாமி வந்து பாத்திட்டு, மண்சாடி விளிம்பில வெள்ளையாப் படிஞ்சு கிடந்ததை நகத்தால சுரண்டி நாக்கில வச்சவ. உப்பு! நான் அதைச் சுண்ணாம்பு எண்டு நினைச்சு அத்தனை நாளும் விட்டிருந்தன். மழை இல்லாத மாசங்களில எங்கட பக்கத்துக் கிணறு உவர்க்கும் எண்டு தெரியும், குடிக்க எடுக்கிறதில்லை, ஆனா கண்டுக்கு ஊத்தக்கூடாது எண்டு ஏனோ தோணேல்ல.

சாடியைக் கவுத்தா கறுப்பு மண், ஊத்தை மணம். வேரைப் பிடிச்சு மெல்ல இழுக்கத் தோல் கழண்டு கையோட வருது, உள்ளுக்க நூல் மாதிரி ஒண்டுதான் மிச்சம். வெள்ளையா உரமா இருந்தது 4 வேர். மற்றதெல்லாத்தையும் புது பிளேட்டால வெட்டினன் (கையுறை போடுங்கோ, பால் பட்டா கடிக்கும்). அந்தூரியம் காட்டுக்க மரத்திலயும் சருகிலயும் ஒட்டி வளர்ற சாதி, வேருக்குத் தண்ணியை விடக் காத்துத்தான் முக்கியம், நான் அதைத் தோட்டமண்ணுக்க இறுக்கிப் புதைச்சு வச்சிருந்திருக்கிறன்.

பிறகு மாமி சொன்னபடி பொச்சுமட்டையை (தேங்காய் உரிச்ச மட்டை) 1 அங்குலத் துண்டா வெட்டி, குழாய்த் தண்ணியில 3 நாள் ஊறப்போட்டு ஒவ்வொரு நாளும் தண்ணி மாத்தினன், ஏனெண்டா பொச்சிலயும் உப்பு இருக்கும். அதோட சிரட்டைக்கரி, உடைஞ்ச ஓட்டுத்துண்டு. மண் ஒரு பிடியும் இல்லை.

இன்னொண்டு, சாடி வடக்கு விறாந்தையில இருந்தது, வடக்கு எண்டா எப்பவும் நிழல் எண்டுதான் நினைச்சிருந்தன். திருகோணமலையில சித்திரை நடுப்பகுதியில இருந்து ஆவணி வரை மத்தியான வெயில் வடக்கால சரிஞ்சு விழுது, மார்கழியில நிழலாக் கிடந்த அதே இடம் ஆனியில சுடும். மாமரத்துக்குக் கீழ மாத்தினன். ஒவ்வொருக்கா போன் எடுக்கேக்கயும் அம்மா "இலை விட்டதா" எண்டு கேப்பா, எனக்கு அழுகை வரும்.

ஐப்பசியில மாரிமழை தொடங்கி, ஓட்டுத்தண்ணியை வாளியில பிடிச்சு ஊத்த ஊத்த, கபிலம் கலந்த சின்ன இலை ஒண்டு சுருண்டு வந்தது. தைப்பொங்கலுக்கு முதல் கிழமை அந்த இலைக்காம்படியில தீக்குச்சித் தலை அளவில ஒரு சிவப்பு!

——

அக்கா, உங்கட பதிவு வாசிச்சன், நான் பாலையூத்தில இருக்கிறன். என்ர அந்தூரியத்துக்கு நேர்மாறு. இலை கடும் பச்சையில பெருசு பெருசா, 2 வருசமா ஒரு பூ இல்லை. நான் நிழல் நிழல் எண்டு கிணத்தடி மூலையில இருட்டுக்க வச்சிருந்தன். இப்ப வச்ச இடத்தில மத்தியானம் கையை நீட்டினா மங்கலா நிழல் விழும், அவ்வளவு வெளிச்சம். 3 மாசத்தில மொட்டு. நீங்க பசளை என்ன போட்டனீங்கள்?

——

தங்கச்சி, புது இலை விரியும்வரை ஒண்டுமே போடேல்ல. வேர் இல்லாததுக்குப் பசளை போட்டா அதுவும் உப்பு மாதிரித்தான் எரிக்கும். இப்ப மாசத்தில 2 தரம், பக்கற்றில போட்டிருக்கிற அளவில கால்வாசி கரைச்சு விடுறன். ஒரு இலைக்கு ஒரு பூ தான் வரும், அதால நல்ல இலையை வெட்டிப்போடாதீங்கோ. அம்மா மாசி கடைசியில வாறா, ரெண்டாவது மொட்டின்ர தண்டு இப்ப ஒரு விரல் நீளம்.