ஆரஞ்சு பூசினால் என்ன குறைந்துவிட்டது?

வூஸ்டர்வாசி:
அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஓடும் ப்ராவிடன்ஸ் அண்ட் வூஸ்டர் ரயில் கம்பெனியை, ஊர் ஊராகச் சின்ன ரயில்வேக்களை வாங்கி நடத்தும் ஜெனசி அண்ட் வயோமிங் கம்பெனி 2016இல் 12.6 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கப்புறம் பழுப்பும் வெள்ளையுமாக ஓடிய இஞ்சின்கள் ஆரஞ்சுக்கும் கறுப்புக்கும் மாறத் தொடங்கின. நேற்று யார்டில் அப்படி ஒன்று நின்றது. சாய்ந்த வெயிலில் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் பழைய எழுத்தின் விளிம்பு லேசாகப் புடைத்துத் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. அலபாமாவுக்குப் போனாலும் இதே ஆரஞ்சு, ஓரிகனுக்குப் போனாலும் இதே ஆரஞ்சு!

சரக்குப்பெட்டி:
பெயின்ட்டுக்கு அழுகிறவர்கள் குனிந்து தண்டவாளத்தைப் பார்ப்பதே இல்லை சார். இப்போதைய சரக்குப் பெட்டி சுமையோடு 2,86,000 பவுண்டு வரும். பழைய கிளைப்பாதைகள் பல 2,63,000 வரைதான் தாங்கும். பாலத்தை வலுப்படுத்தப் பணம் இல்லையென்றால் வாடிக்கையாளர் லாரிக்குப் போய்விடுவார். அப்புறம் எந்த நிறத்தில் எதை ஓட்டுவது? ஜெனசி அண்ட் வயோமிங்கிடம் நூற்றுக்கு மேல் சின்ன ரயில்வேக்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் இஞ்சின் குறைந்தால் இன்னோரிடத்திலிருந்து அனுப்புவார்கள். அனுப்பும்போதெல்லாம் பெயின்ட் மாற்ற முடியுமா?

வூஸ்டர்வாசி:
மூழ்கிய கம்பெனியைக் கரையேற்றியது போலப் பேசுகிறீர்களே. இது பங்குச் சந்தையில் இருந்த கம்பெனி சார். பாலம் வேண்டாம் என்று யார் சொன்னது? பாலத்துக்கும் பெயின்ட்டுக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?

பழங்கணக்கு:
இடையில் ஒன்று கேட்கிறேன். நீங்கள் சொல்லும் 'பழைய நிறம்' எவ்வளவு பழசு? இந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 1847இல். 1892இல் அது நியூ ஹேவன் கம்பெனியின் கைக்குக் குத்தகையாகப் போனது. பிறகு பென் சென்ட்ரல் என்ற இன்னொரு பெரிய ரயில் கம்பெனியின் கையில். 1973 பிப்ரவரியில்தான் மறுபடி தனியாக ஓட ஆரம்பித்தார்கள். எண்பது வருஷம் அடுத்தவன் நிறத்தில் ஓடிய பாதை அது.

வூஸ்டர்வாசி:
அதனால்தான் சொல்கிறேன்! திவாலான பென் சென்ட்ரலோடு மல்லுக்கட்டி வெளியே வந்து, சொந்த இஞ்சினில் சொந்தப் பெயரை எழுதினார்கள். வருஷக் கணக்கு பார்த்தால் குறைவுதான். ஆனால் சும்மா வந்த நிறம் இல்லை அது.

பழங்கணக்கு:
இது நியாயம். என்றாலும் பெயர் அழியவில்லையே, ஆரஞ்சுக்குள்ளும் அந்தந்த ரயில்வேயின் பெயரைத்தானே எழுதுகிறார்கள்?

கடைசிவண்டி:
ஆமாம், ஒரே அச்சில் வார்த்த சின்னத்துக்குள். எனக்குச் சிரிப்பு வருவது வேறு விஷயத்தில். ரெயில்அமெரிக்கா என்று ஒரு கம்பெனி இருந்தது. அதுவும் ஊர் ஊராக ஷார்ட் லைன் எனும் சின்ன ரயில்வேக்களை வாங்கிச் சிவப்பு, வெள்ளி, நீலம் அடித்தது. ரசிகர்கள் வாயார வைதார்கள். 2012இல் அதையே ஜெனசி அண்ட் வயோமிங் விழுங்கியதும், வைதவர்களே கடைசிச் சிவப்பு இஞ்சினைப் படமெடுக்கக் கேமராவோடு கிளம்பிவிட்டார்கள். இன்னும் இருபது வருஷத்தில் யாராவது இந்த ஆரஞ்சை வாங்கிப் பச்சை அடிப்பார்கள். அன்றைக்கு வூஸ்டர்வாசியே ஆரஞ்சுக்காகக் கட்டுரை எழுதுவார்.

வூஸ்டர்வாசி:
எழுதினால்தான் என்ன? கேட்பது பெரிதில்லை. நார்ஃபோக் சதர்ன் என்ற பெரிய ரயில் கம்பெனி 2012இல் தன்னில் கலந்த பழைய கம்பெனிகளின் நிறத்தில் 20 இஞ்சின்களை இறக்கியது. இன்னொரு பெரிய கம்பெனியான சிஎஸ்எக்ஸும் 2023இல் அப்படித் தொடங்கியது. இங்கேயும் ஒரே ஒரு இஞ்சினைப் பழுப்பில் விடட்டுமே.

சரக்குப்பெட்டி:
அந்த 20 இஞ்சினும் விளம்பரம்தான். ஊரே அதைத் துரத்துகிறது, பக்கத்தில் போகிற சாதா இஞ்சினை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சரி, ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது தினமும் சரக்கு இழுக்க வேண்டும். துடைத்து ஷெட்டில் நிறுத்தி வைப்பதற்கு என் ஓட்டு கிடையாது.

வூஸ்டர்வாசி:
அதில் உங்களோடு சண்டை இல்லை சார். பாலத்தைச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்த்தீர்களே, அந்தச் சண்டை அப்படியே இருக்கிறது.