விடியக்காலை பெட்ரோல் அடிச்சா ரெண்டு லிட்டர் கூடுதலா? களியக்காவிளை வரிசையில நிக்கவங்க பதில் சொல்லுங்க

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
கோயில் கமிட்டி குழு, குடும்பக் குழு, ஆட்டோ ஸ்டாண்ட் குழு, எதைத் திறந்தாலும் அதே ஆடியோ. கேரளத்து நெய்யாற்றங்கரைக்காரர் ஒருத்தர் பேசுகாரு. "விடியக்காலம் ஆறு மணிக்கு முன்னால தமிழ்நாட்டு எல்லையில களியக்காவிளை வந்து ஃபுல் டேங்க் அடிங்க. பெட்ரோல் ராத்திரிக் குளிர்ல சுருங்கி கெட்டியா இருக்கும். ஒரு டேங்குக்கு ரெண்டு லிட்டர் கூடுதலா கிடைச்ச மாதிரி. கேரளத்தை விட விலை குறைவு வேற." இதுதான் சாரம். இதை நம்பி ஆளுக அஞ்சு மணிக்கே வந்து வரிசையில நிக்காங்க.

பெட்ரோல் சூட்டுல விரியும், குளிர்ல சுருங்கும். யாரும் இல்லேன்னு சொல்லல்ல. எவ்வளவுன்னுதான் கேள்வி. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்துல ஒரு பங்கு. 35 லிட்டருக்கு 35 மில்லி. ரெண்டு லிட்டர் கூடணும்னா காலைக்கும் மத்தியானத்துக்கும் 57 டிகிரி வித்தியாசம் வேணும். அப்படி ஒரு வெயில் குமரி மாவட்டத்துல எந்தக் காலத்துல அடிச்சுது? அதும் போக, பெட்ரோல் வெளியில வாளியிலயா கிடக்கு? பூமிக்கடியில டேங்குல கிடக்கு. மேல வெயில் அடிச்சாலும் மழை பெஞ்சாலும் அடியில உள்ள சூடு ஒரு நாளைக்குள்ள அசையாது.

ஆடியோ போட்டவர் பதில் சொல்லட்டும்.

நெய்யாற்றங்கரை ரைடர்:
போட்டவன் நான்தான். பேரை மறைச்சு ஓட மாட்டேன். எத்தனையோ வருஷமா காலையிலதான் அடிக்கேன். காலையில அடிச்ச பெட்ரோலுக்கு மைலேஜ் கூடுதல் கிடைக்குது, மத்தியானம் அடிச்சா குறையுது. மீட்டர் பொய் சொல்லுமா? நீங்க ஸ்பேனர் பிடிக்கற ஆளு, ஸ்பேனரைப் பிடிங்க. விஞ்ஞானம் எங்களுக்கும் தெரியும்.

கணக்கு அண்ணாச்சி:
காலையா மாலையான்னு அடிச்சுக்கறதுக்கு முன்னால ஒரு கேள்வி. நெய்யாற்றங்கரையில இருந்து களியக்காவிளைக்கு போக வர 25 கிலோமீட்டராவது இருக்கும். லிட்டருக்கு 15 ஓடுற வண்டின்னா ஒண்ணே முக்கால் லிட்டர் கிட்ட வழியிலயே தீந்துது, அது 170 ரூபாய்க்கு மேல. விலை வித்தியாசம் லிட்டருக்கு அஞ்சு, அஞ்சரை ரூபாய். 35 லிட்டருக்கு 190 ரூபாய் மிச்சம்னே வைப்போம். இதுல என்ன லாபம்? மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ வேற சோலியா வாற அன்னிக்கு அடிச்சா அஞ்சரை ரூபாயும் முழுசா மிச்சம். அதுக்குன்னே வண்டி எடுத்தா ஒண்ணும் இல்ல.

நெய்யாற்றங்கரை ரைடர்:
அண்ணாச்சி, நீங்க அந்த ரெண்டு லிட்டரைக் கூட்டவே இல்லையே. அதைச் சேத்துக் கணக்குப் போடுங்க.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
அந்த ரெண்டு லிட்டர் எங்க இருக்கு வோய்? அதைத்தானே கேக்கேன். உமக்க ஆடியோவுல மட்டும்தான் இருக்கு.

பம்பு பழைய ஆள்:
ரெண்டு பேரும் கொஞ்சம் கேளுங்க. நான் பம்புல வேலை பாத்தவன். காலையில முதல் சோலி டேங்குக்குள்ள டிப் ராடு, அதாவது அளவுக் கம்பி, விட்டு இருப்பு பாக்கறது. ராடு நுனியில தண்ணி கண்டுபிடிக்கற பசை தேச்சு இறக்குவோம். அடியில தண்ணி கிடந்தா பசை நிறம் மாறும். அப்புறம் 500 மில்லி கண்ணாடி ஜாடியில பெட்ரோல் பிடிச்சு, ஹைட்ரோமீட்டரையும் தெர்மாமீட்டரையும் உள்ள இறக்கி டென்சிட்டி, அதாவது அடர்த்தி, பாப்போம். பாத்ததை அப்படியே எழுத முடியாது. அட்டவணை பாத்து 15 டிகிரிக்கு மாத்தித்தான் ரெஜிஸ்டர்ல ஏத்தணும். லோடு வந்த சலான்ல உள்ள டென்சிட்டிக்கும் நாம பாத்ததுக்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல வித்தியாசம் இருந்தா பெட்ரோல்ல சந்தேகம்னு அர்த்தம். அந்தத் தெர்மாமீட்டரைப் பாத்துப் பாத்துச் சொல்லுகேன், அடி டேங்குல காலைக்கும் சாயங்காலத்துக்கும் சூடு ஒரு டிகிரி அசைஞ்சா பெரிசு. லோடு இறங்கின அன்னிக்கு மட்டும்தான் மாறும்.

நெய்யாற்றங்கரை ரைடர்:
பாத்தீங்களா! "லோடு இறங்கினா மாறும்." உங்க ஆளே சொல்லிட்டாரு. லாரி பகல் வெயில்ல ஓடி வருது, சூடா இறக்குது, ராத்திரி முழுக்க ஆறுது, காலையில குளுந்து கிடக்கும். நான் சொன்னது இதைத்தான்.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
ஆறுமா? எத்தனை மணி நேரத்துல? ஆயிரக்கணக்கான லிட்டர் மண்ணுக்கடியில கிடக்கு. ஒரு ராத்திரியில ஆறதுக்கு அது என்ன தூக்குச்சட்டியில ஊத்தின கஞ்சியா? லாரி ராத்திரி வந்து இறக்கினா என்ன செய்வீரு? லோடு எப்ப வந்துதுன்னு உமக்குத் தெரியுமா? அஞ்சு டிகிரி குறைஞ்சுதுன்னே வைப்போம். 35 லிட்டருக்கு 175 மில்லி. 18 ரூபாய். ரெண்டு லிட்டர் 200 ரூபாய்க்கு மேல. இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 200.

பாறசாலை தமிழன்:
18 ரூபாய்னாலும் ரூபாய்தானே. அதை விடுங்க. எனக்கு வேற வருத்தம். "கேரளத்துக்காரன் வரிசையில நிக்கான், கேரளத்துக்காரன் வரிசையில நிக்கான்"னு இங்க எப்பவும் ஒரு நக்கல். எங்க விலை ஏன் கூடுதல்னு யாராவது யோசிச்சீங்களா? கேரளத்துல விற்பனை வரி 30.08 சதவீதம், அதுக்கு மேல லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதல் வரி, ஒரு சதவீத செஸ். 2023 ஏப்ரல் 1-லேந்து சமூகப் பாதுகாப்பு செஸ்னு இன்னொரு 2 ரூபாய். அந்த ரெண்டு ரூபாய் வயசானவங்க பென்ஷனுக்குப் போகுது. தமிழ்நாட்டுல 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 பைசாவும். 2021 ஆகஸ்ட்ல மூணு ரூபாய் குறைச்சாங்க, அதனால அங்க குறைவு. நாங்க வரியைக் கொடுத்துட்டுத்தான் வாழுகோம், யார் வீட்டுச் சோத்தையும் திங்கல்ல.

குழித்துறை டீச்சர்:
வரி கொடுக்கீங்க, சந்தோஷம். அந்த வண்டி வரிசை ரோட்டுக்கு வந்து நிக்கதை யாரு பாக்கா? காலையில ஸ்கூல் வேன் அந்த வளைவுல மாட்டிக்கிட்டு பிள்ளைங்க முதல் பீரியடுக்கு லேட்டா வாறாங்க. ஆடியோ வந்த பிறகு இன்னும் மோசம். 2024 டிசம்பர்ல திருநெல்வேலி பக்கம் கொட்டின ஆஸ்பத்திரிக் கழிவைத் திரும்ப லாரியில ஏத்தி கேரளத்துக்கு அனுப்ப வேண்டி வந்துது, மறந்துபோச்சா? வரும்போது குப்பை, போகும்போது பெட்ரோல்.

பாறசாலை தமிழன்:
டீச்சர், நான் குப்பை கொட்டினவன் இல்ல. வீட்டுல தமிழ் பேசுகவன். 1956 நவம்பர் 1-ல தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகா எல்லாம் தமிழ்நாட்டுக்குப் போனப்ப எங்க ஊரு கேரளத்துப் பக்கம் நின்னுது. எங்க தாத்தாவைக் கேட்டுக்கிட்டா கோடு போட்டாங்க? அங்க போனா மலையாளத்தான்னு சொல்லுவீங்க, இங்க நின்னா பாண்டின்னு சொல்லுவாங்க. பெட்ரோல் அடிக்கக்கூட நாங்க பதில் சொல்லணுமா?

குழித்துறை டீச்சர்:
நான் உங்க தாத்தாவைப் பத்திப் பேசல்ல. ஸ்கூல் வேனைப் பத்திப் பேசுகேன்.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
எல்லையும் குப்பையும் வேற இடத்துல பேசுங்க. நான் கேட்ட ரெண்டு லிட்டர் எங்க?

பணம் மிச்சம் பிடிக்கணும்னு நிஜமாவே ஆசை இருக்கவங்களுக்குச் சொல்லுகேன். இப்ப எல்லா பம்புலயும் வாறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால்ல லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு குறைவு. பழைய கார்ல மைலேஜ் 6, 7 சதவீதம் வரைக்கும் குறையலாம்னு 2021-ல நிதி ஆயோக் அறிக்கையிலயே போட்டிருந்தாங்க. 35 லிட்டர்ல 6 சதவீதம் ரெண்டு லிட்டருக்கு மேல. அந்த ரெண்டு லிட்டர் நிஜம். அதைப் பத்தி யாரும் ஆடியோ போடல்ல. எனக்க ஒர்க்‌ஷாப்புக்கு வாற பாதி வண்டிக்கு டயர்ல காத்து இல்ல, ஏர் ஃபில்டர் பிரிச்சா மண்ணு கொட்டுது. அதோட அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வந்து குளுந்த பெட்ரோல் தேடுகாங்க.

கொல்லங்கோடு டிரைவர்:
எத்தனால் பேச்சை எடுத்தா ஒர்க்‌ஷாப்காரருக்கு நல்லாத்தான் இருக்கும். போன மழைக்காலத்துல எனக்க வண்டியில எத்தனால் தண்ணி இழுத்திருக்குன்னு சொல்லி பெட்ரோல் டேங்கைக் கழத்தி, பம்பு மோட்டார் மாத்தி பில்லு போட்டாரே ஒருத்தர். பேரு சொல்லல்ல. அதே ஆளு இப்ப மிச்சம் பிடிக்கச் சொல்லித் தாறாரு.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
கழத்தின டேங்க் அடியில நின்ன தண்ணியை உங்க கையில கண்ணாடிப் பாட்டில்ல பிடிச்சுத் தந்தேன். ரெண்டு அடுக்கா பிரிஞ்சு நின்னுது, நீங்களே விளக்குல தூக்கிப் பாத்தீங்க. அப்ப வாயைத் திறக்கல்ல. பில்லு கேட்டப்ப மட்டும் வாய் வந்துது. பாக்கி இன்னும் வரல்ல.

கொல்லங்கோடு டிரைவர்:
பாக்கியைப் பொதுவுல பேசுக ஆளு கிட்ட வண்டி விட்டது எனக்க குத்தம்.

கணக்கு அண்ணாச்சி:
நூறு, இருநூறுன்னு முழுசா சொல்லாம 110, 210-ன்னு அடிச்சா பம்புல ஏமாத்த முடியாதுன்னு ஒரு பேச்சு உண்டே, அது எப்படி?

பம்பு பழைய ஆள்:
மீட்டருக்கு 100-ம் ஒண்ணுதான் 110-ம் ஒண்ணுதான். ஏமாத்துகவன் தொகையில ஏமாத்த மாட்டான். 500-க்குச் சொன்னா 100-ல நிறுத்திட்டு, பேச்சுக் கொடுத்துட்டு, ஜீரோ ஆக்காம 400 வரைக்கும் அடிப்பான். முதல்ல 100, பிறகு 400, ஆக 500 போட்டதா நினைச்சு நீங்க காசு கொடுத்துட்டுப் போவீங்க. அதனால இறங்கி நின்னு ஜீரோ பாருங்க, அடிச்சு முடியற வரைக்கும் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. சந்தேகம்னா அஞ்சு லிட்டர் அளவுப் பாத்திரம் எடுக்கச் சொல்லுங்க, எல்லா பம்புலயும் இருக்கணும். முத்திரை போட்டது. அஞ்சு லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல குறையக் கூடாது. ஃபில்டர் பேப்பரும் கேக்கலாம், காசு கிடையாது. ஒரு சொட்டு விட்டு, ஆவியான பிறகு கறை நின்னா கலப்படம். கேக்கதுக்கு வெக்கப்படாதீங்க, அது உங்க உரிமை.

நெய்யாற்றங்கரை ரைடர்:
இதெல்லாம் சரி. ஆனா நீங்க சொல்ற அஞ்சு லிட்டர் பாத்திரத்துல காலையில பிடிச்ச அஞ்சு லிட்டரும் மத்தியானம் பிடிச்ச அஞ்சு லிட்டரும் எடை ஒண்ணா இருக்குமா? பதில் சொல்லுங்க.

பம்பு பழைய ஆள்:
ஒரு டிகிரிக்கு அஞ்சு லிட்டர்ல நாலு கிராம் கூட வராது. தராசுல வச்சாக் கண்டுபிடிக்கவே கஷ்டம்.

நெய்யாற்றங்கரை ரைடர்:
வித்தியாசம் உண்டு, அவ்வளவுதானே. உண்டுன்னு ஒத்துக்கிட்டீங்க.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
நாலு கிராமை ரெண்டு லிட்டர்னு சொல்லுகவர்கிட்ட என்னத்தைப் பேச! உமக்க மீட்டர் ஏன் காலையில கூடுதல் காட்டுதுன்னு நான் சொல்லுகேன். காலையில ரோடு காலி. பாறசாலை ஜங்‌ஷன்ல நிக்க வேண்டாம், ஏசி போட வேண்டாம், ஒரே சீரா மூணாவது நாலாவது கியர்ல போறீரு. மத்தியானம் அதே ரோட்டுல அடிக்கு ஒரு தடவை பிரேக். மைலேஜ் கூடுனது உம்ம காலுக்கும் ரோட்டுக்கும். பெட்ரோலுக்கு அதுல பங்கே இல்ல.

நெய்யாற்றங்கரை ரைடர்:
அப்ப காலையில போனா மைலேஜ் கூடும்னு நீங்களே சொல்லிட்டீங்க. நானும் அதைத்தான் முதல்லேந்து சொல்றேன். அதுமட்டுமில்ல, விலை மாறுறது காலை ஆறு மணிக்கு. 2017 ஜூன் 16-லேந்து அப்படித்தான். அதுக்கு முன்னால அடிச்சா பழைய விலை. ரெண்டு பக்கமும் லாபம்.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
விலை கூடினா பழைய விலை லாபம், குறைஞ்சா பழைய விலை நஷ்டம். 2024 மார்ச்சுல 2 ரூபாய் குறைஞ்சுதே, அன்னிக்கு ஆறு மணிக்கு முன்னால அடிச்சவன் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதலா கொடுத்தான். அதுக்குப் பிறகு மாசக்கணக்கா விலை அசையவே இல்ல. உமக்கு ஆறு மணின்னா என்ன ஒரு மோகம்?

குழித்துறை டீச்சர்:
ஆறு மணியோ ஏழு மணியோ, வரிசையை ரோட்டுல நிறுத்தாதீங்க. இதுக்கு மட்டும் ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கீங்க.

பாறசாலை தமிழன்:
பம்புக்காரங்களைக் கேளுங்க டீச்சர். வரிசை வந்தா அவங்களுக்குத்தானே வியாபாரம்.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
ரைடரே, ஒரே ஒரு சோதனை. ஞாயித்துக்கிழமை நீரு வாரும், நானும் வாறேன். பழைய ஆளு தெர்மாமீட்டர் கொண்டு வரட்டும். ஒரே பம்பு, ஒரே நாசில். காலை அஞ்சரைக்கு ஒரு தடவை, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு தடவை, அஞ்சு லிட்டர் பாத்திரத்துல பிடிச்சு சூடு பாப்போம். எல்லாருக்க முன்னாலயும்.

நெய்யாற்றங்கரை ரைடர்:
அஞ்சரைக்கு வாறேன். மத்தியானம் எனக்கு ஒரு கல்யாணம் இருக்கு.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
மத்தியானம் வராம எதை எதோட ஒப்பிடுவீரு?

நெய்யாற்றங்கரை ரைடர்:
காலையில பெட்ரோல் குளுந்து இருக்குன்னு உமக்குக் காட்டினா போதாதா? கையால தொட்டாலே தெரியும்.

கொல்லங்கோடு டிரைவர்:
நான் மத்தியானம் வாறேன். ஆனா பாக்கி கேக்கக் கூடாது.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
கேப்பேன். ரெண்டு லிட்டரையும் கேப்பேன், பாக்கியையும் கேப்பேன்.