குறைந்த பட்ஜெட்டில் எடை குறைந்த லேப்டாப்: ரீஃபர்பிஷ்டு வாங்கலாமா, புதிதாகவே வாங்கலாமா?

நடைபயணி:
என் வேலை மொழிபெயர்ப்பு. தினமும் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ், ரயில் என்று மாறி மாறிப் போகிறேன். இப்போது வைத்திருப்பது இரண்டு கிலோவுக்கு மேல், சார்ஜர் தனி. தோள்வலிக்குப் போனால் டாக்டர் முதலில் பையைத்தான் தூக்கிப் பார்த்தார். 1.3 கிலோ அளவில் ஒன்று வேண்டும்.

என் பட்ஜெட்டுக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, செலரான் ப்ராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (மலிவு வகைச் சேமிப்பகம்) போட்ட புது லேப்டாப். இன்னொன்று, 2018-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை, இன்டெல் ஐ5 ப்ராசசர், 8 ஜிபி, ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து விற்பது). விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். வேர்டு, பிரவுசரில் ஏகப்பட்ட டேப், அகராதிகள், அவ்வப்போது வீடியோ அழைப்பு. எதை எடுப்பது?

பழுதுநீக்கி:
ரீஃபர்பிஷ்டு. லேப்டாப் பழுதுபார்ப்பது என் தொழில், அதனால் உள்ளே இருப்பதை வைத்துச் சொல்கிறேன்.

மலிவான புது லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். திரையின் கீலைப் பிடித்துக்கொண்டிருப்பது பிளாஸ்டிக்கில் பதித்த சில பித்தளை நட்டுகள்தான். திறந்து மூடத் திறந்து மூட கீல் இறுகும், பிளாஸ்டிக் விரிசல் விடும், ஒரு நாள் நட்டு பிளாஸ்டிக்கோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். என் மேசைக்கு வரும் மலிவு லேப்டாப்புகளில் நான் அடிக்கடி பார்க்கும் பழுது இதுதான். பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்காக வாங்கும் மாடல்கள் வேறு ரகம். எக்ஸ்1 கார்பனின் மேல்மூடியில் கார்பன் ஃபைபர் இருக்கிறது. 14 அங்குலத் திரை, எடை 1.13 கிலோ.

வேகத்துக்கும் ஒரு காரணம் சொல்கிறேன். மெல்லிய லேப்டாப்புக்கான ஐ5 சிப் ஏழாம் தலைமுறை வரை இரண்டு கோர்தான் (கோர் என்பது கணக்கிடும் பகுதி). 2017-இல் வந்த எட்டாம் தலைமுறையில்தான் நான்காக்கினார்கள். நீங்கள் பார்த்திருப்பது அந்த நான்கு கோர் சிப்; எக்ஸ்1 கார்பனின் ஆறாம் தலைமுறை என்பது மாடலின் கணக்கு, சிப்பின் கணக்கு அல்ல. மலிவு செலரான்களில் பலவற்றில் இன்னும் இரண்டு கோர்தான். 64 ஜிபி இஎம்எம்சியில் பாதியை விண்டோஸும் அதன் அப்டேட்டுமே விழுங்கிவிடும். அது போர்டோடு ஒட்டியது, மாற்றவும் முடியாது.

நிதானம்:
நண்பரே, அந்த 4 ஜிபி செலரானை வாங்காதீர்கள் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் அது மோசம் என்பதால் ஏழெட்டு வருடப் பழைய பெட்டி நல்லது என்று ஆகிவிடாது.

எக்ஸ்1 கார்பனில் ரேம் போர்டிலேயே சோல்டர் செய்தது. 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். பேட்டரியின் நிலை தெரியாது. போர்டு போனால் மொத்தமும் போச்சு, ஏனென்றால் வாரண்டி சில மாதம்தான் கொடுப்பார்கள், அதுவும் விற்பவரின் வாய்வார்த்தை. இது அவருக்குச் சோறு போடும் கருவி. நடுவேலையில் படுத்துக்கொண்டால் கெடு தவறும், வாடிக்கையாளர் போவார். அந்த நஷ்டத்தை யாரும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவதில்லை.

என்னைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துவிட்டு, இன்டெல் என்100 சிப், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள புது லேப்டாப்பாகத் தேடுங்கள். 2023-இல் வந்த சிப் அது. நான்கு கோர், 6 வாட்தான் எடுக்கும். உங்கள் வேலைக்கு அந்தப் பழைய ஐ5-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை இது சிப்பிலேயே விரிக்கும், பழைய ஐ5 அதை மென்பொருளால்தான் சமாளிக்க வேண்டும். ஃபேன் சுற்றும், பேட்டரி இறங்கும்.

கடைசிபெஞ்ச்:
ஒன்று மட்டும் கவனியுங்கள் சகோ. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். ஏழில் விதிவிலக்காக ஒரு சில சிப்தான் உண்டு. அதனால் ஆறு, ஏழாம் தலைமுறைச் சிப் உள்ள லேப்டாப்புகள் சந்தையில் மலிவாகக் குவிகின்றன. சிலர் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றி விற்கிறார்கள். இன்று ஓடும், நாளை ஒரு பெரிய அப்டேட் ஏறாமல் நிற்கலாம். ப்ராசசர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். லினக்ஸ் போதும் என்பவருக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் உங்களுக்கு வேர்டு வேண்டும் என்கிறீர்கள்.

நிதானம்:
பார்த்தீர்களா, எட்டாம் தலைமுறை என்பது படியில் கடைசிப் படி. மைக்ரோசாஃப்ட் அடுத்த முறை கோட்டை நகர்த்தினால் முதலில் வெளியே நிற்பது இதுதான்.

பழுதுநீக்கி:
அந்த வாதத்தை மறுக்க மாட்டேன். ஆனால் என்100 லேப்டாப்பில் சிப் மட்டும் புதிது, சுற்றியிருப்பவை பெரும்பாலும் அதே மலிவுச் சரக்கு. திரையைப் பாருங்கள். நாள் முழுக்க எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு 1366x768 டிஎன் பேனல் (தெளிவு குறைந்த மலிவுத் திரை) கொடுமை. கொஞ்சம் சாய்த்தாலே நிறம் வெளுக்கும், தமிழ் எழுத்தில் கொம்பும் சுழியும் பிசிறடிக்கும். கீபோர்டையும் மறக்காதீர்கள். தட்டச்சே தொழிலாக இருப்பவருக்கு அலுவலக மாடல்களின் கீபோர்டு தரும் நிம்மதியை விவரப் பட்டியலில் எழுத முடியாது.

ரேம் விஷயத்தில் நிதானம் சொல்வது சரி. அதற்காக மொத்த ரகத்தையும் தள்ள வேண்டாம், மாடலை மாற்றினால் போதும். திங்க்பேட் டி480எஸ் 1.32 கிலோவிலிருந்து வருகிறது. ரேமில் ஒரு பகுதி போர்டில், கூடவே ரேம் செருக ஒரு ஸ்லாட். எச்பி எலைட்புக் 830 ஜி5 13 அங்குலம், அதே அளவு எடை, இரண்டு ஸ்லாட். இரண்டிலும் எட்டாம் தலைமுறைச் சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். 8 ஜிபி-யில் வாங்கி, கையில் காசு சேரும்போது ரேமை ஏற்றிக்கொள்ளலாம்.

வெண்திரை:
எம்1 மேக்புக் ஏரை யாரும் சொல்லவில்லையே? 2020 கடைசியில் வந்தது, 1.29 கிலோ, ஃபேனே கிடையாது. ரீஃபர்பிஷ்டில் இதற்கு இணை இல்லை.

நடைபயணி:
பார்த்தேன், பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. எட்டும் விலையில் இருப்பவை இன்டெல் சிப் உள்ள பழைய ஏர்.

வெண்திரை:
அப்படியென்றால் விடுங்கள். மேக்ஓஎஸ்ஸில் இன்டெல்லுக்கான கதவை ஆப்பிள் மூடிக்கொண்டு வருகிறது. பிறகு எம்1 எடுக்க நேர்ந்தால், ஆக்டிவேஷன் லாக் (பழைய உரிமையாளரின் கணக்கோடு கட்டிய பூட்டு) நீக்கியிருக்கிறதா என்று கண்முன்னே பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழுதுநீக்கி:
பூட்டு விண்டோஸ் லேப்டாப்புக்கும் உண்டு. பலரும் கோட்டை விடும் இடம் இது. நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்பை மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட்டில் (நிறுவன லேப்டாப்புகளை அமைத்துத் தரும் சேவை) பதிந்து வைத்திருக்கும். குத்தகை முடிந்து விற்கும்போது பதிவை நீக்க மறந்தால், நீங்கள் என்றைக்காவது விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது அந்த நிறுவனத்தின் பெயரோடு உள்நுழையச் சொல்லி நிற்கும். விற்பவர் இணையம் இல்லாமல் விண்டோஸை ஏற்றிக் கொடுத்திருந்தால் வாங்கும்போது இது தெரியவே தெரியாது. எனவே கையில் வந்ததும் முதல் வேலையாக ரீசெட் செய்து, வைஃபையோடு செட்டப்பை ஓட்டிப் பாருங்கள். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) போய் வர முடிகிறதா, சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பாஸ்வேர்டை எளிதில் நீக்க முடியாது.

நிதானம்:
இத்தனை சோதனை செய்து வாங்க வேண்டிய பொருளை, கணினி தொழில் தெரியாத ஒருவருக்குப் பரிந்துரைப்பது எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், அவருக்குத் தெரியாது. இன்னொன்றையும் நீங்களே சொல்லியிருக்க வேண்டும். 2017 முதல் 2019 வரை வந்த திங்க்பேட்களில் தண்டர்போல்ட்டின் (யுஎஸ்பி-சி போர்ட் வழியே ஓடும் வேக இணைப்பு) ஃபர்ம்வேரில், அதாவது உள்ளே பதித்த மென்பொருளில், கோளாறு இருந்தது. அவற்றைத் தயாரிக்கும் லெனோவாவே அதற்கு அப்டேட் வெளியிட்டது. அதைப் போடாமல் ஓடிய லேப்டாப்புகளில் யுஎஸ்பி-சி போர்ட் செயலிழப்பது உண்டு. எக்ஸ்1 கார்பன், டி480எஸ் இரண்டும் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன. சார்ஜ் ஏறுவதே அந்தப் போர்ட் வழியாகத்தான்.

பழுதுநீக்கி:
உண்மை. லெனோவாவின் அந்தப் பட்டியலில் எலைட்புக் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திங்க்பேட் என்றால் இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்டிலும் மாற்றி மாற்றிச் சார்ஜரைச் செருகி, பென்டிரைவ், வெளித்திரை எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடினால் உடனே அப்டேட்டைப் போட்டுவிட வேண்டும்.

ஆனால் ஸ்க்ரூ டிரைவர் எதற்கும் தேவையில்லை. பேட்டரியைக்கூட உட்கார்ந்த இடத்தில் சோதிக்கலாம். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்க ஒரே வரிக் கட்டளை இருக்கிறது. அதில் வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போது முழுச் சார்ஜில் நிற்கும் கொள்ளளவு என்று இரண்டு எண் வரும். டி480எஸ்ஸில் முதல் எண் 57 வாட்மணி. இரண்டாவது 40 என்றால் 70 சதவீதம் மிச்சம். வேர்டும் பிரவுசரும் சுமார் 7 வாட் எடுக்கும் என்று வைத்தால் ஐந்தரை மணி நேரம் ஓடும். 30-க்குக் கீழே என்றால் புது பேட்டரியின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

விளம்பரத்தில் கிரேடு ஏ, கிரேடு பி என்று போட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, பெரும்பாலும் வெளிக்கீறலைத்தான் சொல்கிறது. திருப்பிக் கொடுக்க எத்தனை நாள், பணமாகவே தருவார்களா, இதை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

கடைசிபெஞ்ச்:
பேட்டரி மாற்றியிருக்கிறோம் என்று சொன்னால் ரிப்போர்ட்டில் தயாரிப்பாளர் பெயரையும் பாருங்கள். பெயரே இல்லாத மலிவு பேட்டரி சில மாதத்தில் உப்பி டச்பேடைத் தள்ளும்.

நிதானம்:
நான் இன்னும் புதிது பக்கம்தான். ஆனால் வாங்கியே தீருவதென்றால், வாங்கும் விலையோடு புது பேட்டரிக்கும் கூடுதல் ரேமுக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை 8 ஜிபி என்100 புது லேப்டாப்பின் விலையைத் தொட்டால், தயவுசெய்து புதிதாகவே வாங்குங்கள். பழைய லேப்டாப்பை உடனே விற்றுவிடவும் வேண்டாம். வீட்டில் கிடக்கட்டும், ஒரு கெடு தவறாமல் காப்பாற்ற உதவும்.

நடைபயணி:
எல்லாருக்கும் நன்றி. எக்ஸ்1 கார்பனை விட்டுவிட்டேன். டி480எஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விற்பவரிடம் பேட்டரி ரிப்போர்ட் கேட்டேன், மறுக்காமல் அனுப்பினார். 57-க்கு 46 நிற்கிறது. நிதானம் சொன்னபடி ரேமைக் கூட்டிப் பார்த்தேன், என்100 விலையை இன்னும் தொடவில்லை. திருப்பித் தரும் காலம் 15 நாள், பணமாகவே, எழுதித் தருகிறேன் என்கிறார். தண்டர்போல்ட் அப்டேட் போட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. அது வராமல் முன்பணம் கொடுப்பதாக இல்லை. மழுப்பினால் எலைட்புக் தேடப் போகிறேன்.