கில்கமெஷுக்கு ஏன் இத்தனை சாவு பயம்?

கேள்வி: பண்டைய மெசொப்பொத்தேமியக் (இன்றைய ஈராக்) காவியத்தின் நாயகன் கில்கமெஷ், ஊருக் நகரத்து மன்னன், மூன்றில் இரண்டு பங்கு தெய்வம். அவனுக்கு எதற்குச் சாகாவரத் தேடல்?

பதில் 1: உயிர்த்தோழன் என்கிடுவின் சாவுதான் காரணம். ஆறு பகல், ஏழு இரவு உடலைப் புதைக்க விடாமல் அழுகிறான். நண்பனின் மூக்கிலிருந்து புழு விழுந்த பிறகுதான் விடுகிறான். எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் அது.

பதில் 2: பழைய சுமேரியப் பாடல்களில் என்கிடு பெரும்பாலும் பணியாள்தான். உயிர்த்தோழன் ஆக்கியது பிற்கால அக்காடியக் காவியம்.

கேள்வி கேட்டவர்: கடைசியில் வரம் கிடைத்ததா?

பதில் 1: இல்லை. இளமை தரும் செடியைப் பாம்பு கொண்டுபோனது எல்லோருக்கும் தெரியும். என்னை உலுக்குவது அதற்கு முந்தைய தோல்வி. சாகாவரம் வேண்டுமானால் ஆறு பகல், ஏழு இரவு தூங்காமல் இரு என்கிறார், ஏற்கெனவே சாகாவரம் பெற்ற உத்னபிஷ்டிம். உட்கார்ந்ததுமே தூங்கிவிடுகிறான். விழித்தால் எதிரே, தூங்கிய நாளுக்கொன்றாகச் சுட்டு வைத்த ரொட்டிகள். முதலாவது காய்ந்தே போயிருக்கிறது. நண்பனுக்காக அழுத அதே ஆறு பகல், ஏழு இரவு!